ஆறாத பாதப்புண்ணும் மனவுளைச்சலும்: சென்னைத் தென்புறநகர்ச் சூழலை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

நீரிழிவு நோயாளரின் பாதத்தில் தோன்றி மாதக்கணக்கில் ஆறாதிருக்கும் புண், காலோடு மனத்தையும் பாதிக்கிறது. அம்மனப்பாதிப்பு புண்ணைத் தொடர்ந்து வந்துசேரும் தனியொரு நோயாகவே பெரும்பாலும் நோக்கப்படுகிறது. வலிக்காத புண்ணுக்காக நடையைத் துறக்கச் சொல்லும் மருத்துவத்திற்கும், நடையை நம்பி அமைந்த அன்றாட வாழ்வுக்கும் இடையிலுள்ள முரணே அவ்வுளைச்சலுக்கு முதன்மையான ஊற்று என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. வேலூரில் தொழுநோயாளரிடையே கண்டறியப்பட்ட உண்மைகள், பன்னாட்டு ஆய்வு முடிவுகள், பள்ளிக்கரணை உள்ளிட்ட தென்புறநகர்ப் பகுதிகளின் வாழ்நிலை ஆகியவை இதற்கு அடிப்படையாகக் கொள்ளப்பட்டுள்ளன. மனவுளைச்சலைத் தமிழில் கேட்டறிவதற்கான சொற்கள் குறித்தும் கட்டுரை கருத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: நீரிழிவு, பாதப்புண், உணர்விழப்பு, மனவுளைச்சல், மனச்சோர்வு, பாதச்சுமை நீக்கம், பள்ளிக்கரணை.

முன்னுரை

நீரிழிவு உடையவர்களுள் 100க்கு 19 முதல் 34 பேர் வரை தம் வாழ்நாளில் ஒரு முறையேனும் பாதப்புண்ணுக்கு ஆளாகக்கூடும் என்று ஆம்ஸ்ட்ராங், போல்டன், பஸ் ஆகியோர் 2017ஆம் ஆண்டு வெளியிட்ட மீளாய்வு மதிப்பிடுகிறது. புண் ஆறியவர்களுள் சுமார் 40 விழுக்காட்டினருக்கு ஓராண்டுக்குள்ளும், சுமார் 65 விழுக்காட்டினருக்கு ஐந்தாண்டுகளுக்குள்ளும் அது மீண்டும் தோன்றுகிறது என்றும் அம்மீளாய்வு கூறுகிறது. ஆகவே பாதப்புண் ஒரு முறை வந்து நீங்கும் இடர் அன்று; நோயாளர் தம் எஞ்சிய வாழ்நாள் முழுவதும் எதிர்நோக்கியிருக்க வேண்டிய நிலை.

இந்நிலை மனத்தில் ஏற்படுத்தும் விளைவுகள் மருத்துவப் பதிவேடுகளில் அரிதாகவே இடம்பெறுகின்றன. புண்ணின் நீளம், அகலம், ஆழம், சீழ், இரத்த ஓட்டம் ஆகியன பதிவாகின்றன. அப்புண்ணைச் சுமப்பவர் உறங்கினாரா, வேலைக்குச் சென்றாரா, எதை அஞ்சுகிறார் என்பன பதிவாவதில்லை. தென்கிழக்கு இலண்டனில் முதன்முறையாகப் பாதப்புண் கண்ட 253 பேரை ஆராய்ந்த கலிடா இஸ்மாயில் குழுவினர், அவர்களுள் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் இருந்ததை 2007ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அடுத்த 18 மாதங்களில் இறக்கும் வாய்ப்பு, மனச்சோர்வு இல்லாதவரைவிட அவர்களுக்குச் சுமார் மூன்று மடங்காக இருந்தது. பாதப்புண்ணைப் பற்றிய ஆய்வில் மனம் ஏன் இடம்பெற வேண்டும் என்பதற்கு இம்முடிவே போதிய சான்றாகும்.

நோவில்லாத நோய்

தமிழில் 'நோய்' என்னும் சொல் 'நோ' என்னும் வேரிலிருந்து பிறந்தது. நோதல் என்பது வலித்தல். நோவு என்பது வலி. நோய் என்றால் வலி இருக்க வேண்டும் என்பது மொழியிலேயே ஊன்றிய எண்ணம். மனத்துயரையும் அதே சொல்லால் குறிப்பது சங்க இலக்கிய மரபு. புண் என்னும் சொல்லும் இவ்வாறே உடலுக்கும் மனத்துக்கும் பொதுவாக வழங்குகிறது. இன்றும் 'மனம் புண்பட்டது' என்கிறோம். நீரிழிவுப் பாதப்புண் இந்த எதிர்பார்ப்பைத் தலைகீழாக்குகிறது. அங்கே புண் உண்டு, நோவு இல்லை.

நெடுநாள் கட்டுக்குள் வராத இரத்தச் சர்க்கரை, உடலின் நீண்ட நரம்புகளை முதலில் தாக்குகிறது. அதனால் பாதமும் விரல்களும் முதலில் மரத்துப்போகின்றன. முள் குத்தினாலும், செருப்பு உராய்ந்தாலும், சுடுதரை தீய்த்தாலும் செய்தி மூளையை எட்டுவதில்லை. தசைகளை இயக்கும் நரம்புகள் நலிவதால் விரல்கள் வளைந்து, பாதத்தின் சில புள்ளிகளில் மட்டும் உடலின் எடை குவிகிறது. வியர்வை குறைந்து தோல் வறண்டு வெடிக்கிறது. குவிந்த அழுத்தத்தால் தோல் தடித்துக் காய்ப்பாகிறது. அக்காய்ப்பின் அடியிலேயே புண் உருவாகிறது. இரத்தக் குழாய் அடைப்பும் சேர்ந்தால் புண் ஆறுவதற்கான வழியும் குறுகிவிடுகிறது.

உணர்விழந்த உறுப்புக்கும் அதற்கு உரியவரின் மனத்துக்கும் உள்ள உறவைத் தமிழ்நாட்டில் முதலில் ஆழ்ந்து நோக்கியவர் அறுவை மருத்துவர் பால் பிராண்டு. 1946ஆம் ஆண்டு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அவர், தொழுநோயாளரின் விரல்களும் பாதங்களும் சிதைவது நோயின் நேரடி விளைவு என்ற நெடுங்கால நம்பிக்கையை மறுத்தார். வலியுணர்வு இல்லாமையால் நாள்தோறும் நேரும் சிறுசிறு காயங்களே சிதைவுக்குக் காரணம் என்று நிறுவினார். உணர்வற்ற கைகால்களைத் தம் உடலின் பகுதியாகக் கருதாமல் ஒரு கருவியைப் போலவே நோயாளர் கையாள்வதையும் அவர் கவனித்து எழுதினார். 1966ஆம் ஆண்டு அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்ற பின்னர், இதே அறிவு நீரிழிவுப் பாதச் சிகிச்சைக்கும் பயன்பட்டது.

இக்கண்டறிதல் மனவியல் நோக்கில் இன்றியமையாதது. வலி இருந்தால் கவனம் தானாக உறுப்பின்பால் செல்கிறது. வலி இல்லாதபோது அக்கவனத்தை அறிவால் மட்டுமே, ஒவ்வொரு நாளும், முயன்று உருவாக்க வேண்டியிருக்கிறது. உடல் தானே செய்துவந்த காவலை இப்போது மனம் இடைவிடாது செய்ய வேண்டும். அக்காவலில் ஒரு நாள் தவறினால், 'நீங்கள்தான் கவனிக்கவில்லை' என்ற பழியும் நோயாளரையே சேர்கிறது.

நடையைத் துறத்தல்

பாதப்புண் ஆறுவதற்குத் தேவையானவற்றுள் தலையாயது புண்ணின்மீது எடை விழாமல் காப்பது. இதற்காக முழங்கால்வரை கழற்ற இயலாத கட்டு இடுதலே, இரத்த ஓட்டம் போதுமானதாகவும் தொற்று கடுமையற்றதாகவும் உள்ள அடிப்பாதப் புண்களுக்கு முதல் தெரிவாகப் பன்னாட்டு வழிகாட்டுதல்களில் பரிந்துரைக்கப்படுகிறது. ஆம்ஸ்ட்ராங் குழுவினர் 2001ஆம் ஆண்டு வெளியிட்ட ஒப்பீட்டில், இத்தகைய முழுத்தொடு கட்டு இட்டவர்களுள் 89.5 விழுக்காட்டினருக்கு 12 வாரங்களில் புண் ஆறியது. கழற்றக்கூடிய காலணி அணிந்தவர்களுள் 65 விழுக்காட்டினருக்கே ஆறியது. அக்குழுவினரே 2003ஆம் ஆண்டில் மேற்கொண்ட மற்றோர் ஆய்வு, கழற்றக்கூடிய காலணியை நோயாளர்கள் தம் அன்றாட நடையில் 28 விழுக்காட்டுக்கு மட்டுமே அணிந்திருந்ததைக் காட்டியது. 

இவ்விடைவெளியை 'ஒத்துழைப்பின்மை' என்று பெயரிட்டுக் கடந்துவிடுவது எளிது. ஆயினும் கால் வலிக்கவில்லை, வேலை காத்திருக்கிறது, நடந்தால் உடனே எத்தீங்கும் தெரிவதில்லை. இம்மூன்றும் சேர்ந்தவிடத்து நடப்பதே இயல்பு, உட்கார்ந்திருப்பதே முயற்சி. நடப்பவர் குற்றவுணர்வுக்கு ஆளாகிறார். உட்கார்ந்திருப்பவர் பயனற்றவர் என்ற எண்ணத்துக்கு ஆளாகிறார். சிகிச்சை அவருக்கு அளிக்கும் இரண்டு வழிகளுமே உளைச்சலில் முடிகின்றன.

லொரெட்டா விலெய்கைட்டே குழுவினர் 2005ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதற்குத் துணைநிற்கிறது. நரம்புப் பாதிப்புக்கும் மனச்சோர்வு அறிகுறிகளுக்கும் உள்ள தொடர்பில், வலியைவிட நடையின் தள்ளாட்டம் வலுவான இடம் பெற்றிருந்தது. அன்றாடச் செயல்கள் தடைப்படுதலும், குடும்பத்தில் தமக்குரிய பங்கு மாறிவிட்டது என்ற உணர்வும் அத்தொடர்பை விளக்கும் கூறுகளாக வெளிப்பட்டன.

உளைச்சலின் கூறுகள்

நெடுநாட் புண்ணோடு வாழ்பவரின் உளைச்சலைப் பின்வரும் கூறுகளாகப் பகுத்து நோக்கலாம்.

முதலாவது, இழப்பச்சம். தமிழ் வழக்கில் உறுப்பு நீக்கத்தைக் குறிக்க 'விரலை எடுத்துவிட்டார்கள்', 'காலை எடுக்க வேண்டும்' என்றே கூறுவர். எடுப்பவர் பிறர், இழப்பவர் தாம். பாதநோய் உடையவர்களிடையே இறப்பைவிடக் காலிழப்பையே மிகுதியாக அஞ்சுவோர் உள்ளனர் என்பது அமெரிக்க ஆய்வொன்றில் பதிவாகியுள்ளது. ஒரு விரலை இழந்தவருக்கு அடுத்த ஒவ்வொரு கட்டு மாற்றமும் ஒரு தீர்ப்பு நாள் ஆகிறது.

இரண்டாவது, வெட்கம். சீழின் வாடை, கட்டிலிருந்து கசியும் நீர், தனிச்செருப்பின் தோற்றம் ஆகியவை திருமணம், கோயில், உறவினர் வீடு ஆகியவற்றிலிருந்து ஒருவரை மெல்ல விலக்குகின்றன. வெறுங்காலுடன் நுழைய வேண்டிய இடங்களே நம் பண்பாட்டில் மதிப்புக்குரிய இடங்கள். அங்கே காலணியோடு நிற்க நேர்வது அவமதிப்பாகவும், வராதிருப்பது புறக்கணிப்பாகவும் பொருள்கொள்ளப்படுகிறது.

மூன்றாவது, பழி. 'வாயைக் கட்டவில்லை' என்ற குற்றச்சாட்டு குடும்பத்திலிருந்தும், சில வேளைகளில் மருத்துவ அறையிலிருந்தும் எழுகிறது. நோய்க்குப் பரம்பரை, வறுமை, காலங்கடந்த கண்டறிதல் முதலிய காரணங்கள் இருப்பினும், நோயாளரின் நாவடக்கம் ஒன்றே காரணமாக்கப்படுகிறது.

நான்காவது, சுமை என்ற எண்ணம். வருவாய் நின்றபின், கட்டு மாற்றவும் வண்டிக்கூலிக்கும் பிறரை எதிர்பார்க்கும் நிலையில், 'நான் இல்லாவிட்டால் இவர்களுக்கு நல்லது' என்ற எண்ணம் தோன்றக்கூடும். இது தற்கொலை எண்ணத்தின் வாயிலாதலால், ஆய்வாளரும் மருத்துவரும் இதனைப் பொதுவான புலம்பலாகக் கருதிக் கடந்துவிடலாகாது.

மனமும் புண் ஆறுதலும்

மனவுளைச்சல் புண் ஆறுவதைத் தாமதப்படுத்துமா என்னும் வினாவுக்கு ஆய்வுலகம் இரு வழிகளில் விடை தேடியுள்ளது. உடலியல் வழியில், நீடித்த உளைச்சல் கார்டிசோல் போன்ற சுரப்புகளை மிகுவித்து, புண் ஆறுதலின் தொடக்கத்தில் தேவைப்படும் அழற்சிச் செயல்களை மட்டுப்படுத்துகிறது. ஜேனிஸ் கீகால்ட்–கிளேசர் குழுவினர் 1995ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், மறதிநோய் உற்ற உறவினரைப் பேணிவந்த 13 பெண்களுக்கும் அத்தகைய சுமையற்ற 13 பெண்களுக்கும் ஒரே அளவான சிறுகாயம் ஏற்படுத்தப்பட்டது. பேணுநர்களின் காயம் ஆற ஏறத்தாழ ஒன்பது நாள் கூடுதலாயிற்று.

நடத்தை வழியில், சோர்வுற்றவர் பாதத்தை உற்றுநோக்குவதையும் மருந்தையும் உணவு ஒழுங்கையும் கைவிடுகிறார் என்பது எதிர்பார்க்கத்தக்கதே. எதிர்பாராத முடிவொன்றைக் கவிதா வேதரா குழுவினர் 2010ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 93 பேரை 24 வாரங்கள் தொடர்ந்த அவ்வாய்வில், நோயை எதிர்த்துப் போராடும் மனப்பாங்கு மிகுந்தவர்களுக்கே புண் ஆறும் வாய்ப்பு குறைந்திருந்தது. மனச்சோர்வு மிகுந்தவர்களிடம் புண்ணின் பரப்பளவு சுருங்குவது குறைந்திருந்தது. முன்னைய முடிவுக்குப் பல விளக்கங்கள் இயலும். உட்கார்ந்திருக்க வேண்டிய நோயில், 'நான் விடமாட்டேன்' என்று எழுந்து நடக்கும் ஊக்கமே தடையாகலாம் என்பது அவற்றுள் ஒன்று. 'மனத்தைத் தளரவிடாதீர்கள்' என்ற வழக்கமான அறிவுரை இந்நோயில் எப்பொழுதும் நன்மை தருவதில்லை என்பதை இது உணர்த்துகிறது.

தென்புறநகர்ச் சூழல்

மேற்கூறிய பொதுவுண்மைகள் ஓரிடத்தில் எவ்வாறு செயற்படும் என்பதைப் பள்ளிக்கரணைப் பகுதியைக் கொண்டு நோக்கலாம். சென்னையின் தெற்கே சதுப்புநிலத்தை ஒட்டி அமைந்த இவ்வூர் 2011ஆம் ஆண்டில் பெருநகரச் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. இதன் சதுப்புநிலம் 2022ஆம் ஆண்டில் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. ஒருபுறம் வேளச்சேரி–தாம்பரம் சாலை; மறுபுறம் பழைய மாமல்லபுரம் சாலையின் தகவல்தொழில்நுட்ப வளாகங்கள். இவ்வளாகங்களையும் அடுக்ககங்களையும் சார்ந்து காவற்பணி, துப்புரவு, வீட்டுவேலை, கட்டுமானம், பொருள் விநியோகம் ஆகிய தொழில்கள் பெருகியுள்ளன. இவையனைத்தும் நின்றும் நடந்தும் செய்ய வேண்டியவை. நாளொன்றுக்கு 12 மணிநேரம் வாயிற்காவலில் நிற்பவரிடம் ஆறு வாரம் காலை ஊன்றாதீர் என்பது, ஆறு வாரம் ஊதியமின்றி இருக்கச் சொல்வதற்கு ஒப்பாகும்.

அருகிலுள்ள பெரும்பாக்கத்தில், நகரின் ஆற்றங்கரைகளிலிருந்து இடம்பெயர்க்கப்பட்ட குடும்பங்கள் பல மாடிக் குடியிருப்புகளில் வாழ்கின்றன. பழைய தொழிலிடம் தொலைவிலாகிவிட்ட அவர்களுக்கு நடையும் பேருந்தும் வாழ்வின் இணைப்புகள். கால் நின்றால் அவ்விணைப்பும் அறுபடுகிறது.

இப்பகுதியின் தாழ்ந்த நில அமைப்பு மற்றொரு காரணி. 2015ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்திலும், 2023ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தென்புறநகர்களின் பல தெருக்கள் நீரில் மூழ்கின. உணர்வற்ற பாதத்தோடு கலங்கிய நீரில் நடப்பவருக்குக் கண்ணாடிச் சில்லு குத்தியதும் தெரியாது. நனைந்த கட்டு தொற்றுக்கு வழியாகும். கட்டு மாற்றச் செல்லவும் இயலாது. ஆகவே ஐப்பசி, கார்த்திகை மாத மழை இந்நோயாளருக்கு ஆண்டுதோறும் திரும்பும் அச்சமாகிறது. உளைச்சலை அளவிடும் ஆய்வுகள் பருவத்தையும் ஒரு மாறியாகக் கொள்ள வேண்டும் என்பதற்கு இஃது ஒரு காரணம்.

சென்னை நீரிழிவு மருத்துவத்தில் நீண்ட மரபுடையது. எம். விசுவநாதன் 1954ஆம் ஆண்டில் நிறுவிய இராயபுரம் நீரிழிவு மருத்துவமனை பாதப்பராமரிப்பு ஆய்வில் பெயர்பெற்றது. அடையாறு மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் நீரிழிவு நோயாளருக்கான காலணி வடிவமைப்பில் ஈடுபட்டுள்ளது. மனநல ஆய்விலும் இந்நகருக்குத் தரவு உண்டு. 25,455 பேரிடம் நடத்தப்பட்டு 2009ஆம் ஆண்டில் வெளியான சென்னை ஆய்வு, நகர மக்களிடையே மனச்சோர்வு 15.1 விழுக்காடு என்று கண்டது. நீரிழிவு உடையவர்களிடையே அது மிகுதியாக இருந்தது. பாதத்தைக் காக்கும் மரபும் மனத்தை அளக்கும் மரபும் ஒரே நகரில் இருந்தும், கட்டு மாற்றும் அறையில் அவை சந்திக்க வேண்டியுள்ளது.

அளவிடுதலும் சொற்களும்

உளைச்சலை அளவிடுவதில் முதற்கண் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்க வேண்டும். மனச்சோர்வு என்பது வரையறுக்கப்பட்ட மனநோய். நீரிழிவுசார் மனவுளைச்சல் என்பது, நோயைச் சுமந்து நடத்துவதன் பாரத்துக்கு எழும் இயல்பான எதிர்வினை. முன்னதை அறிய ஒன்பது வினாக்கள் கொண்ட பி.எச்.கியூ–9 பயன்படுகிறது. பின்னதை அறிய வில்லியம் பொலோன்ஸ்கி குழுவினர் 1995ஆம் ஆண்டில் வெளியிட்ட 20 வினாக்கள் கொண்ட படிவமும், 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட 17 வினாக்கள் கொண்ட படிவமும் உள்ளன. களைப்பு, உறக்கக்கேடு, பசி மாற்றம் ஆகியவை கட்டுப்படாத நீரிழிவாலும் தோன்றுவன. ஆதலால் மனச்சோர்வுப் படிவத்தின் மொத்த மதிப்பெண்ணை மட்டும் கொண்டு முடிவு செய்தால், உடலின் அறிகுறி மனத்தின் அறிகுறியாகக் கணக்கிடப்படும்.

இரண்டாவது இடர்ப்பாடு சொல்லாட்சி. 'மனச்சோர்வு உள்ளதா' என்ற வினாவுக்கு 'இல்லை' என்று விடையளிப்பவரே, 'ஒரே யோசனையாக இருக்கிறது', 'மனசு விட்டுப்போச்சு', 'நெஞ்சு பாரமாக இருக்கிறது' என்று தம் சொற்களில் கூறுவார். படிவங்களை மொழிபெயர்ப்போர் அகராதிச் சொல்லோடு நின்றுவிடாமல், இவ்வழக்குகளையும் வட்டார வாரியாகத் தொகுத்து ஆய்வுக்குட்படுத்துதல் வேண்டும். தமிழியல் ஆய்வாளர்கள் மருத்துவத்துக்கு நேரடியாகப் பங்களிக்கக்கூடிய களம் இது.

'ஆறிவிட்டது' என்ற சொல்லையும் மறுபரிசீலனை செய்யலாம். அது முடிவுற்றமையைக் குறிப்பதால், புண் மீண்டும் வரும்போது நோயாளர் அதனைத் தம் தோல்வியாகக் கொள்கிறார். 'தணிந்திருக்கிறது' என்று கூறினால், காவல் தொடர வேண்டும் என்பதும், மீண்டும் வருவது அவர் குற்றமன்று என்பதும் ஒருசேரப் புலப்படும்.

செய்யத்தக்கன

பாதப்புண் உடையோருக்கான உளவியல் சிகிச்சைகளைத் தொகுத்தாராய்ந்த காக்ரன் மீளாய்வு, அவை புண்ணை ஆற்றும் என்றோ மீண்டும் வராமல் தடுக்கும் என்றோ கூறப் போதிய சான்று இல்லை என்றே முடிவுரைத்தது. எனவே ஆறுதல் பேச்சு புண்ணை ஆற்றும் என்ற வாக்குறுதி எவருக்கும் அளிக்கத்தக்கதன்று. துயரைத் தணித்தல் தன்னளவிலேயே மருத்துவத்தின் கடமை என்ற அடிப்படையில் பின்வருவன பரிந்துரைக்கப்படுகின்றன.

ஒன்று, கட்டு மாற்றும் வேளையைப் பயன்படுத்துதல். ஒரே செவிலியர் வாரம் இருமுறையோ மும்முறையோ ஒரே நோயாளரைச் சந்திக்கும் வாய்ப்பு வேறெத்துறையிலும் அரிது. உறக்கம், வேலை, அச்சம் ஆகிய மூன்றைப் பற்றி அப்போதே வினவிப் பதிவேட்டில் குறிக்கலாம்.

இரண்டு, நடையைத் தடைசெய்யும் முன் அந்நடை எதற்காக என்று கேட்டல். தண்ணீர் பிடிக்கவா, பணிக்கா, பேரப்பிள்ளையைப் பள்ளியில் விடவா என்று அறிந்தால், எதனை எவர் ஏற்பது எனக் குடும்பத்தோடு அமர்ந்து திட்டமிடலாம். நோயாளர், மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என மருத்துவத்தை நான்கு உறுப்புகளாகத் திருக்குறள் வகுத்தமை இங்கு நினையத்தக்கது. பேணுபவரின் சோர்வும் கேட்டறியப்பட வேண்டும்.

மூன்று, வீட்டுக்குள் அணியத் தனிக் காலணி வழங்கி, அதன் தேவையைக் குடும்பத்தார்க்கு விளக்குதல். நோயாளர் தனியே மன்றாட வேண்டிய நிலையை இது நீக்கும்.

நான்கு, இறப்பெண்ணம் பற்றி நேரடியாக வினவுதல். அவ்வாறு கேட்பது அவ்வெண்ணத்தைத் தூண்டாது. தேவைப்படுவோரை மனநல மருத்துவரிடம் அனுப்புவதோடு, 14416 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி மனநலச் சேவையையும் அறிமுகப்படுத்தலாம். 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் களப்பணியாளர்கள் நீரிழிவு மருந்தோடு வீடுகளுக்குச் செல்கின்றனர். அவர்களுக்கு இவ்வினாக்களில் பயிற்சி அளித்தால், வெளியே வர இயலாதவரின் குரலும் கேட்கப்படும்.

முடிவுரை

நெடுநாட் பாதப்புண் உடையவரின் மனவுளைச்சல், தளர்ந்த மனத்தின் குறையாகவோ சிகிச்சையை மதியாமையாகவோ கொள்ளத்தக்கதன்று. வலி தர வேண்டிய எச்சரிக்கையை உடல் தரவில்லை. நடையை நிறுத்தும் வாய்ப்பை வாழ்க்கை தரவில்லை. இவ்விரண்டுக்கும் இடையே நிற்பவரின் துயரை அளவிடாமல் புண்ணை மட்டும் அளவிடும் மருத்துவம், ஏன் ஆறவில்லை என்ற வினாவுக்குப் பாதி விடையே பெறும். தென்புறநகர் போன்ற குறிப்பிட்ட வாழ்நிலைகளில், தொழில், பருவம், வீட்டமைப்பு, பேச்சுவழக்கு ஆகியவற்றையும் உள்ளடக்கிய ஆய்வுகளை மருத்துவத் துறையும் தமிழ்த் துறையும் இணைந்து மேற்கொள்ளுதல் காலத்தின் தேவையாகும்.